ரெண்டு லிட்டர் போதும்

விடியற்காலை நாலு பத்து. திருப்பரங்குன்றம் தாண்டி விளாச்சேரிக்குத் திரும்பும் இடத்துக்கு முன்னால் ஒரு பங்க். அதை விட்டால் நாகமலை புதுக்கோட்டை போகும்வரை டீசல் கிடையாது. நடுவில் கீழக்குயில்குடி ரோடு... ஒரு பக்கம் கண்மாய், ஒரு பக்கம் சமணர் மலை. நாலு கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு கிடையாது.

பங்க் வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி நிற்கிறது. பின்னால் பாதி காலியான மாவு டிரேக்கள். டிரைவர் சீட்டில் வெங்கடேஷ்பாபு. போனில் அண்ணனைக் கேட்கிறான்.

"அண்ணே, முள்ளு செவப்புக்கு வந்துருச்சு. இன்னும் ஒரு லிட்டர் போட்டுக்கிறவா?"

அவனியாபுரத்தில், கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே அண்ணன் ராமமூர்த்தி சொன்னான்.

"வேணாம்டா. தெனம் அதுலதான வந்து சேர்ற. இன்னைக்கு மட்டும் என்ன? ரெண்டு லிட்டர் போதும்."

அந்தப் பக்கம் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம். பிறகு, "சரிண்ணே. வாரேன்."

அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

நெருங்கி உட்காருங்கள். இது நம் நண்பன் சாய்பிரசாத்தின் பெரியம்மா வீட்டில் நடந்தது. ராமமூர்த்தி அவனுக்கு அண்ணன் முறை. சாய்பிரசாத் இதை ஒரே மூச்சில் ஒருநாளும் சொன்னதில்லை. துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்தால் இப்படித்தான் வருகிறது.

சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, தொழில் என்று வந்தால் தமிழ். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது பாபுவுக்குப் பதினொரு வயது. ராமமூர்த்திதான் வளர்த்தான். சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவன்தான், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் நெற்றியில் துணி போட்டதும் அவன்தான். கல்யாணம் பேசும்போது ஸ்வர்ணாவிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. தம்பி கூடத்தான் இருப்பான், சம்மதமா?

தொழில், இட்லி மாவு. அரைத்து, பாக்கெட் போட்டு, கடை கடையாகக் கொடுப்பது. பதினாறு வயதில் பாபு ஒரு கிரைண்டருக்குள் கையை விட்டான். சுவிட்ச் அணைத்தாகிவிட்டது, கல்லைத் தூக்கு என்று சொன்னவன் ராமமூர்த்தி. அணைத்திருந்தது பக்கத்துக் கிரைண்டர். இடது கை மோதிர விரலில் பாதி போயிற்று. அந்தப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை. ஒர்க்ஷாப் சோணைமுத்து மட்டும் பாபுவைப் பார்த்தால், "வா மாப்ள ஒம்பதரை" என்பான். பாபு சிரிப்பான். ராமமூர்த்தி வேறு பக்கம் பார்ப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வாடகை லோடு ஆட்டோ வைத்துத்தான் மாவு போய்க்கொண்டிருந்தது. அரைப்பதில் வருவதை எல்லாம் ஆட்டோ தின்றது. ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை இருக்கிறது என்று பாபுவுக்குச் சேதி வந்தது. "நாலு வருஷம் போயிட்டு வாரேன்ணே. இங்க ரெண்டு பேருக்கு வேலையுமில்ல, சோறுமில்ல" என்றான். தப்பாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

ராமமூர்த்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சோணைமுத்துவைத் தேடிப் போனான். சொந்தமாக ஒரு சின்ன வண்டி. பழசாக இருக்கட்டும், பார்க்க எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். குறைந்த விலையில், குறைந்த டீசலில் தினமும் ஓட வேண்டும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் தொழில் நிற்கும். தொழில் நின்றால் தம்பி நிற்பான். அவன் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு கணக்குத்தான்.

மூன்று வண்டி பார்த்தார்கள்.

முதல் வண்டி கே.கே. நகரில். ஒரு கிளினிக்குக்கு மருந்துப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரே ஓனர். குளித்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது. கதவைச் சாத்தினால் 'டப்' என்று ஒரே சத்தம். பாபுவுக்குப் பிடித்துவிட்டது, ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தான். ஆனால் பெட்ரோல் வண்டி. லிட்டருக்குப் பதினாலு தாண்டாது. ராமமூர்த்தி தலையை ஆட்டிவிட்டான்.

இரண்டாவது ஒத்தக்கடையில். சைலன்சரில் சோணைமுத்து கையை வைத்தான், உள்ளங்கை கறுப்பாயிற்று, எஞ்சின் சரியில்லை. திரும்பிவிட்டார்கள்.

மூன்றாவது கீழக்குயில்குடியில், ஒரு ஓட்டு வீட்டுப் பக்கத்தில் நின்றது. வீட்டுக்காரி முனியாயி. நாற்பது வயதிருக்கும். புருஷன் பெரியகருப்பன் இறந்து மூன்று மாதம். காய்கறி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர். புரோக்கர் அவ்வளவுதான் சொன்னான்.

வண்டிக்குப் பன்னிரண்டு வயது. உடம்பெல்லாம் வெயில் தின்ற வெள்ளை. பின் கதவில் மட்டும் புதுப் பெயிண்ட். பழைய வண்டியில் எந்த இடம் நன்றாக இருக்கிறதோ அங்கேதான் சோணைமுத்து முதலில் பார்ப்பான். விரலால் சுண்டினான்.

"பின்னாடி நல்லா அடி வாங்கியிருக்குண்ணே" என்றான்.

புரோக்கர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைலேஜ் பார்க்க ஒர்க்ஷாப்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் டீசலை அளந்து ஊற்றி, அதைக் கேபினுக்குள் கட்டி, குழாயை அதில் விடுவார்கள். பாட்டில் காலியானதும் எஞ்சின் இருமும், நின்றுவிடும். வண்டி நின்ற இடத்தில் கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மனுஷன் பொய் சொல்வான், மீட்டர் பொய் சொல்லும், பாட்டில் சொல்லாது என்பான் சோணைமுத்து.

மூன்று பேரும் முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாபு ஓட்டினான். நாகமலை போய், திரும்பி, விளாச்சேரி போய், அங்கிருந்து மறுபடி கீழக்குயில்குடி பக்கம் திரும்பினார்கள். மத்தியானம் மூன்று மணி. ரோட்டில் ஆள் இல்லை. இருபத்து மூன்றாவது கிலோமீட்டரில் பாட்டில் காலி. எஞ்சின் இரண்டு தடவை இருமி, அடங்கியது.

வண்டி நிற்கவில்லை.

பாபு காலை எடுத்துவிட்டான். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். ஜன்னலில் காற்று. டயர் உருளும் சத்தம். அதற்கும் அடியில்... வேறொரு சத்தம். செருப்பில்லாத கால் தார் ரோட்டில் விழுகிற மாதிரி.

தப்... தப்... தப்...

டயரில் கல் மாட்டியிருக்கும் என்று ராமமூர்த்தி நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான். நாலு கிலோமீட்டர். கண்மாய்க் கரை முடிந்து கீழக்குயில்குடி டீக்கடை வந்ததும் வண்டி மெல்ல நின்றது. பிரேக் போட்டு நின்ற மாதிரி இல்லை. யாரோ கையை எடுத்த மாதிரி.

"இருபத்தேழு" என்றான் ராமமூர்த்தி.

சோணைமுத்து இறங்கினான். வந்த வழியே கொஞ்ச தூரம் நடந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ரோட்டில் ஊற்றினான். இருவரையும் கூப்பிட்டுக் காட்டினான். தண்ணீர் விளாச்சேரி பக்கமாக ஓடியது. வண்டி வந்த திசைக்கே திரும்பி ஓடியது. ரோடு இறக்கமில்லை. மேடு.

"காலி பாட்டில்ல ஓடுற வண்டி வேணாம்ணே. அந்த கே.கே. நகர் வண்டிய எடுங்க. மாவு கொஞ்சம் கூட அரைச்சுக்கலாம்" என்றான்.

ராமமூர்த்தி தண்ணீரைப் பார்த்தான். அது ஓடி, மண்ணில் சேர்ந்து, காய்கிறவரை பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "இருபத்தேழு மாப்ள" என்றான். சோணைமுத்துவுக்குச் சொன்ன மாதிரி இல்லை. தம்பியைப் பார்த்துத்தான் சொன்னான்.

பாபு ஓசூருக்குப் போகவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது முனியாயி ஒன்று கேட்டாள். வருடம் திரும்புவதற்குள் ஒரு நாள் வண்டியைக் கொண்டுவர வேண்டும். அவர் விழுந்த இடத்தில் ஒரு காரியம் பாக்கி. ரோட்டில் உயிர் போனவர்களை அப்படியே விடக்கூடாது, வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அங்கே மூன்று பிடி மண் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வர வேண்டும். அவர் கை கடைசியாக எதைப் பிடித்திருந்ததோ அது அங்கே நிற்க வேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அதுக்கென்னக்கா. சொல்லிவிடுங்க, கொண்டாந்து நிப்பாட்டுறோம்" என்றான் ராமமூர்த்தி. அப்போது மனதில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னான்.

இரவு இரண்டு மணிக்கு பாபு கிளம்புவான். டவுன் கடைகள், கே.கே. நகர், திரும்பி வந்து திருப்பரங்குன்றம், விளாச்சேரி, கீழக்குயில்குடி, நாகமலை, பைபாஸ் வழியாக வீடு. ஐம்பத்து நாலு கிலோமீட்டர். முந்தின நாள் சாயங்காலம் ராமமூர்த்தியே கேனில் வாங்கிவந்து ஊற்றுவான். இரண்டு லிட்டர். ஒரு சொட்டு கூடுதல் இல்லை, ஒரு சொட்டு குறைவு இல்லை. பாலம் ஏறும்போது கூட ஒரு கை சேர்ந்து தள்ளுகிற மாதிரி இருக்கும் என்பான் பாபு. மலையடி ரோட்டில் மட்டும் எஞ்சினையே அணைத்துவிடலாம்.

மார்கழியில் ஒருநாள் விடிந்தும் விடியாமலும் பாபு அண்ணனைக் கூப்பிட்டுப் பின் கதவைக் காட்டினான். பனி படிந்திருந்தது. அதில் இரண்டு கை. பத்து விரலும் விரித்து, அழுத்தி... பெரிய கை. காய்ப்பு ஏறிய இடங்களில் பனி திட்டுத் திட்டாக அழிந்திருந்தது.

"லோடு எறக்குற பயலுக வச்சிருப்பானுக" என்றான் ராமமூர்த்தி.

"லோடு எறக்குறது நாந்தாண்ணே."

பாபு தன் இடது கையைத் தூக்கி அந்தத் தடத்தின் மேல் வைத்துக் காட்டினான். பாதி விரலுக்கு அந்தப் பக்கம் முழு விரல் நீண்டு தெரிந்தது.

ராமமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்தான். துடைத்தான். "கழுவி விட்றா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அன்று முதல் தினமும் காலையில் வண்டியைக் கழுவுவது அவன் வேலையாயிற்று. தம்பி பார்ப்பதற்கு முன்னால் கழுவிவிடுவான்.

முனியாயி தை மாதம் வந்தாள். ஜல்லிக்கட்டு முடிந்த வாரம். லோடு அதிகம், மாசி போகட்டும் என்றான். பங்குனியில் வந்தாள். ஊரெல்லாம் திருவிழா, மாவு கேட்கிறார்கள் என்றான். அன்றைக்கு அவள் எழுந்து போகவில்லை. கிரைண்டர் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பாபு உள்ளே டிரே கழுவிக்கொண்டிருந்தான். அப்போதுதான் சொன்னாள்.

புருஷன் இறந்த அன்றைக்கும் டீசல் தீர்ந்துதான் வண்டி நின்றது. சந்தையிலிருந்து திரும்புகிற நேரம், இருட்டு. அவளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு அவர் பின்னால் போய்த் தள்ளினார். அவளுக்கு ஓட்டத் தெரியாது, நேராகப் பிடி என்றார், பிடித்துக்கொண்டிருந்தாள்.

"லாரி அடிச்ச சத்தம் கேட்டுச்சுய்யா. வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு. ஆனா நிக்கல. தள்ளிக்கிட்டேதான் இருக்காருன்னு இருந்துட்டேன். ஊரு வரைக்கும் வந்துருச்சு. டீக்கடையில நின்னதும் எறங்கி, தண்ணி குடிக்கிறியளான்னு கேக்கப் பின்னாடி போனேன்..."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

"இம்புட்டு நாளா தள்ளுறாரு. கால் வலிக்கும்லய்யா அவருக்கு."

ராமமூர்த்தி என்ன சொன்னான் தெரியுமா? சித்திரை போகட்டும் என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கோயிலில் வரிசையில் நிற்கும்போது பின்னால் இருக்கிற கிழவியை முன்னால் விடுகிற ஆள்தான். ஆனால் ஒரு பக்கம் செத்துப்போன ஒருவரின் கால்வலி. இன்னொரு பக்கம் உயிரோடு இருக்கிற தம்பி. தள்ளுகிற கை போய் இருபத்தேழு பத்தொன்பதாகிவிட்டால் தொழில் தாங்காது, தம்பி பையைத் தூக்கிவிடுவான். அவன் தம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அன்றிரவு சாப்பிடும்போது ஸ்வர்ணா கேட்டாள், அந்த அம்மாவுக்கு ஒரு நாள்தானே, கொடுத்தால் என்ன என்று. அவர்கள் பாஷையில் கேட்டாள். ராமமூர்த்தி தமிழில் பதில் சொன்னான், இது தொழில் விஷயம் என்று. பாபு தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். அந்த வீட்டில் அண்ணனை எதிர்த்து அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

சித்திரை போயிற்று. வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடைகளில் காலி டிரே எடுத்து வருகிறேன் என்று பாபு வண்டியை எடுத்துப் போனான். ஏழரைக்குத் திரும்பினான். கால் எல்லாம் செம்மண். குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

ராமமூர்த்தி வழக்கம்போல இரண்டு லிட்டரை ஊற்றினான்.

இரண்டு மணிக்கு வண்டி கிளம்பியது. நாலு பத்துக்குப் போன் வந்தது. அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. மிச்சத்தைப் பார்த்தது கீழக்குயில்குடி டீக்கடைக்காரர்தான். பால் கொதித்துக்கொண்டிருந்தது. விளாச்சேரி பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, ஹெட்லைட் மட்டும். மெதுவாக, நடக்கிற வேகத்தில் வந்து கடைக்கு முன்னால் நின்றது. பாபு தினமும் டீ குடிக்கிற இடம். டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

சீட்டில் ஆள் இல்லை. போன் மட்டும் கிடந்தது.

பின்னால் போய்ப் பார்த்தார். பின் கதவு உள்ளே அமுங்கிக் கிடந்தது. ரோட்டில் கோடாக மாவு சிந்தியிருந்தது. டார்ச்சைப் பிடித்து அந்தக் கோட்டைத் தொடர்ந்து போனார். இரண்டு கிலோமீட்டர்... கண்மாய்க் கரையில், ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிற இடத்தில் பாபு கிடந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி, உள்ளங்கை விரிந்திருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்திருந்தான். பிடிமானத்துக்காகக் கழற்றியிருப்பான்.

எந்த லாரி என்று இன்றுவரை தெரியவில்லை.

டீசல் தீர்ந்ததும் அவன் அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் தீர்ந்தது என்று அண்ணன் கேட்பான். அதைச் சொல்ல வேண்டிவரும். தள்ளிவிடலாம் என்று நினைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் முனியாயி வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றே சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பி வண்டியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தியதாம். அவள் மண் எடுத்துத் துணியில் முடிகிறவரை பின் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றதாம். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கதவு லேசாக அதிர்ந்ததைத் தம்பிதான் சொல்லியிருக்கிறது. "போயிட்டாருக்கா" என்றதாம். அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டாம், நேரம் பார்த்துத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியதாம்.

ராமமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அவன் காதில் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு லிட்டர் போட்டுக்கிறவா, இன்னும் ஒரு லிட்டர் போட்டுக்கிறவா...

வண்டி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தது. சோணைமுத்து பின் கதவை நிமிர்த்திப் புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னான். "வித்துருங்கண்ணே. எடைக்குப் போட்டாலும் சரி."

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, இரண்டு மணிக்கு ராமமூர்த்தியே வண்டியை எடுத்தான். லைசென்ஸ் இருந்தது, ஓட்டிப் பல வருடம். முந்தின சாயங்காலம் டேங்கைத் திறந்து ஊற்றினான். கை பழகிவிட்டது... இரண்டு லிட்டர்தான் ஊற்றியிருந்தான். பார்த்தான். மூடியை மூடிவிட்டான்.

டவுன் முடிந்தது. கே.கே. நகர் முடிந்தது. திருப்பரங்குன்றம் வரும்போது முள் சிவப்புக்கு வந்துவிட்டது. அந்த பங்க் வந்தது. வெளிச்சத்தில் ஒரு பையன் பைப்பைப் பிடித்துக்கொண்டு இவனைப் பார்த்தான். மணி நாலு பத்து. ராமமூர்த்தி நிறுத்தவில்லை.

விளாச்சேரி தாண்டியது. வீடுகள் முடிந்தன. மலை கறுப்பாக எழுந்தது. கண்மாய்த் தண்ணீரின் பாசி வாடை. கரை தொடங்குகிற இடத்தில் எஞ்சின் இருமியது. இரண்டு தடவை. அடங்கியது.

அவன் நியூட்ரலுக்குத் தள்ளினான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டான். வேகம் குறைந்தது... குறைந்தது... தவளைச் சத்தம்கூடத் தனித்தனியாகக் கேட்டது. வண்டி நிற்கப் போகிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பின்னால் ஒரு சின்ன அதிர்வு. லோடு வண்டியில் கை வைத்தால் வருகிற அதிர்வு.

தப்... தப்... தப்...

மாவு வாடை. புளித்த மாவு இல்லை, அப்போதுதான் அரைத்த மாவின் பச்சை வாடை. மூச்சு வாங்குகிற சத்தம். அதற்கு நடுவே, பெரிய பாத்திரத்தை இரண்டு பேராகத் தூக்கும்போது அண்ணனும் தம்பியும் சொல்வார்களே... ஒன்று, இரண்டு, மூன்று என்று, வீட்டுப் பாஷையில். அது.

ராமமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவில்லை. நாலு கிலோமீட்டரும் ரோட்டைப் பார்த்தபடி, அந்தக் குரலோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே வந்தான். டீக்கடை வெளிச்சத்தில் வண்டி நின்றது. இறங்கிப் பின்னால் போனான். யாருமில்லை. வைகாசி மாதம், பனி கிடையாது. ரோட்டுத் தூசி படிந்த புதுப் பெயிண்டில் இரண்டு கை. வலது கையில் ஐந்து விரல். இடது கையில் நாலரை.

அவன் துண்டை எடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. முனியாயி அதற்கப்புறம் மூன்று தடவை வந்திருக்கிறாள். தம்பியைக் கூட்டிவந்துவிடலாம், எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன், மண் எடுக்கக் கூட நான் வருகிறேன் என்கிறாள். முதல் தடவை, ஆடி போகட்டும் என்றான். இரண்டாம் தடவை, தை பிறக்கட்டும் என்றான். மூன்றாம் தடவை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

ஸ்வர்ணா சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். போன வாரம், கேனைத் தூக்கிக்கொண்டு அவன் பங்குக்குக் கிளம்பும்போது வாசலை மறித்து நின்று, அவர்கள் பாஷையில் கேட்டாள். அவனுக்குக் கால் வலிக்காதா?

அவன் அவளை மெல்ல விலக்கிவிட்டுப் போனான்.

பங்கில் பையன் கேனை வாங்கி எத்தனை என்று கேட்டான்.

"ரெண்டு லிட்டர்."